ரிலேயில் உட்கார்ந்த பல்லி

இன்று காலை போலீஸ் சொல்தா ஒருவர் என்மேல் குற்றம் எழுதிக்கொண்டு போனார். காரணம் ஒரு பல்லி.

வில்லியனூரில் கார் ரிப்பேர் செய்கிறவன் நான். பாகூர் மிராசுதாரின் காரில் ஹெட்லைட் மங்கலாக எரிந்தது. போன மாதம் பாட்டரியிலிருந்து புது ஒயர் இழுத்து, நடுவில் ஒரு ஃபியூஸும், ரிலே என்கிற சின்ன ஸ்விட்ச் டப்பாவும் வைத்துக் கொடுத்தேன். பாதை பளிச்சென்று தெரிந்தது.

ஒரே குறை, ஸ்விட்சைப் போட்டால் ரிலே 'டிக்' என்று சத்தம் போடும்.

"கெளம்பறப்பல்லாம் தெக்கால பல்லி சொல்லுதுடா, கெட்ட சகுனம், கழட்டிப் போடு" என்று டிரைவர் மாணிக்கத்திடம் சொல்லியிருக்கிறார் மிராசுதார்.

"அது பல்லி இல்லீங்க, மிசினு."

"மிசினா இருந்தா இன்னா? சொல்றது பல்லி சொல்லுதானே!"

மாணிக்கம் ரிலேயைக் கழட்டிவிட்டுப் பழையபடி ஒயரை மாட்டிவிட்டான். வெளிச்சம் மறுபடி மங்கிப்போனது.

நேற்று பொழுது சாய்ந்த நேரம், ஏரிக்கரைத் திருப்பம் அந்த மங்கல் வெளிச்சத்தில் தெரியாமல் கார் வாய்க்காலில் இறங்கிவிட்டது. மாணிக்கத்துக்கு வலது கை முறிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மிராசுதாருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

செய்தி கேட்டு இன்று காலை ஏரிக்கரைக்கு ஓடினேன். விசாரித்துக்கொண்டிருந்த சொல்தாவிடம் மிராசுதார் என்னைக் கைகாட்டினார்.

"இவன் மாட்டுன பல்லிதான் எல்லாத்துக்கும் காரணம். கழட்டியும் தோஷம் போவல பாருங்க."

சொல்தா தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்.

பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது பதில் போடுங்கள். பல்லி சொன்னது மிராசுதாருக்கு, கை ஒடிந்தது மாணிக்கத்துக்கு. இந்தப் பலனை எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள்?