உள்ளங்கைச் சூடு

"கதவு" என்கிறார், தலையைத் தூக்காமல். வந்தவர் திரும்பிப் போய்க் கதவை அழுத்திச் சாத்துகிறார். சுவரிலிருக்கும் வெப்பமானி இருபது புள்ளி மூன்று காட்டுகிறது. அது மறுபடி இருபதுக்கு இறங்கும்வரை பேச்சு கிடையாது. முதலாளியே ஒருமுறை அப்படி நின்றிருக்கிறார்.

இயந்திர உதிரிகள் செய்யும் தொழிற்சாலையின் அளவு அறை அது. கருங்கல் மேசை ஒன்று, அலமாரி ஒன்று, சுழல் நாற்காலி ஒன்று. நான் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டுகிறவன். என் மேசைக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிதான். பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லோருக்கும் அவர் மைக்ரான் அக்கா. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் எழுபது இருக்கும். தன் முடியில் ஒன்றைப் பிடுங்கி அளந்துவிட்டு, "அறுபத்திரண்டு மைக்ரான். போன வருசம் அறுபத்தெட்டு. வயசாகுது" என்று சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. ஆறு மைக்ரான் வித்தியாசத்தைக் கண்டுபிடித்த திருப்திதான் முகத்தில் இருந்தது.

நாற்பத்தெட்டு வயது, குட்டையான உருவம். உயரம் எவ்வளவு என்று கேட்டால், "காலையிலயா, சாயங்காலமா?" என்பார். நாள் முழுக்க நடந்து முதுகெலும்பு அமுங்கி மனிதர்கள் மாலையில் ஒரு சென்டிமீட்டர் குறைந்துபோகிறார்களாம். அலகு இல்லாமல் எண்ணைச் சொல்கிறவர்களை அவர் விடுவதில்லை. "அக்கா, நாப்பது வேணுமாம்" என்று யாராவது வந்தால், "நாப்பது என்ன? ஆளா, ஆடா?" 'கொஞ்சம்', 'கிட்டத்தட்ட' எதுவும் அந்த அறைக்குள் செல்லாது. கேண்டீனில் மட்டும் "டீ கொஞ்சமா ஊத்துங்க" என்பார். "கொஞ்சம்னா எவ்வளவுக்கா?" என்று ஒருநாள் மாட்டிவிடப் பார்த்தார்கள். "பார்த்து ஊத்தறதுக்கு மனுசங்க இருக்கற இடத்துல அளவு எதுக்கு?" என்று தம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அளப்பது என்றால் அவருக்கு ஒப்பிடுவது. மூலவளையம் என்று ஓர் எஃகு வளையம் வைத்திருக்கிறார். அதன் உள்விட்டம் சரியாக ஐம்பது மில்லிமீட்டர். முள் காட்டும் கருவியை அதற்குள் விட்டு முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்துவார். பிறகு, செய்துவந்த வளையங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். முள் எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு கூடுதல் அல்லது குறைவு. மூலவளையமும் வருடத்துக்கொருமுறை மரப்பெட்டியில் பஞ்சு சுற்றிப் பெரிய பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். அங்கே அதை இன்னும் பெரிய மூலத்தோடு ஒப்பிட்டுச் சான்று கொடுப்பார்கள். அந்த நாட்களில் யாராவது அவசரமென்று வந்தால், "அது அம்மா வீட்டுக்குப் போயிருக்கு. வரட்டும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

சூட்டில் இரும்பு விரியும். அதனால்தான் அந்த இருபது டிகிரி. அளக்க வேண்டியவை முந்தின நாளே உள்ளே வந்து ஓர் இரவு கிடக்க வேண்டும். எதைத் தொட்டாலும் வெள்ளைப் பருத்திக் கையுறை. வெறுங்கை பட்டதை அரைமணி நேரம் ஆறப் போட வேண்டும். அவரே போட்ட சட்டம். சுவரில் ஒட்டியிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அளக்க வேண்டியிருந்தவை முப்பத்தாறு வளையங்கள். அவற்றின் உட்புறத்தைச் சாணை பிடித்தவருக்கு விசில் என்று பெயர். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, இயந்திரம் ஓடும்போது சீட்டியடிக்கிறவர். அந்த மாதம் அவருடைய வேலை இரண்டு முறை திரும்பியிருந்தது. "இன்னொரு தடவை ரிஜெக்ட் ஆச்சுன்னா மெஷினை விட்டுட்டுப் பிசிறு தேய்க்கப் போயிடு" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். வளையத்தின் உள்விட்டம் ஐம்பதுக்கு மேல் பூஜ்ஜியத்திலிருந்து ஆறு மைக்ரான்வரை கூடலாம். விசில் தன் கருவியில் பார்த்து எல்லாவற்றையும் மூன்றில் நிறுத்தியிருந்தார்.

அக்கா மூலவளையத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மகளுக்குக் காய்ச்சல், கணவர் வீட்டில் இருந்தார். கையுறையோடு போன் எடுக்க முடியாது. கழற்றினார். உள்ளே சிக்னல் கிடைக்காததால் நடைக்கு வந்தார். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். எனக்கு எல்லாம் கேட்டது.

"தொட்டுப் பார்த்தேன், கொஞ்சம் சுடுது."

"கொஞ்சம்னா? உங்க கை என்ன தெர்மாமீட்டரா? வெச்சுப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தெர்மாமீட்டரை எங்கே வைத்தோம் என்று ஒரு தேடல். அலமாரி திறந்து மூடும் சத்தம். அக்கா அசையாமல் நின்றார். கடைசியில், "நூறு" என்றது குரல்.

"நூறு என்ன?"

"நூறு டிகிரி ஃபாரன்ஹீட்தாம்மா. சென்டிகிரேடா இருந்தா உன் பொண்ணு இந்நேரம் ஆவியாப் போயிருப்பா."

அக்கா சிரித்தார். உள்ளே போய்க் கையுறையை மாட்டிக்கொண்டு கருவியைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தினார்.

முப்பத்தாறு வளையமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று குறைவாகவே காட்டின. ரிஜெக்ட். சிவப்புச் சீட்டு.

"என் கேஜ்ல மூணு கூடுதல் காட்டுச்சேக்கா" என்றார் விசில்.

"உன் கேஜ் வெளியில வெக்கையில கிடக்குது. அது பேச்சை நான் கேக்கணுமா? இன்னும் அஞ்சு மைக்ரான் எடு, சரியாயிடும்."

விசில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

வேலை முடிந்ததும் மூலவளையத்தை இன்னொருமுறை வைத்துப் பூஜ்ஜியத்தைச் சரிபார்ப்பது அவர் வழக்கம். முள் பூஜ்ஜியத்தில் நிற்கவில்லை. ஐந்து கீழே நின்றது. எடுத்துத் திரும்ப வைத்தார். மறுபடியும் ஐந்து. நாற்காலியில் சாய்ந்து தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். எழுந்து ஓடினார்.

அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கதவு திறந்தபடி கிடந்தது. நானும் பின்னால் போனேன்.

"நிறுத்து, நிறுத்து! தொடாதே!"

விசில் இயந்திரத்தை அணைத்தார். "ரெண்டு முடிச்சிட்டேன்க்கா."

"அது போச்சு. எட்டுக்குப் போயிருக்கும். நீ முதல்ல பிடிச்சதுதான் சரி. போன் பேசறப்ப மூலவளையத்தை வெறுங்கையில பிடிச்சிட்டிருந்திருக்கேன். ஒன்பது நிமிசம். அது சூடாகி அஞ்சு மைக்ரான் விரிஞ்சிருச்சு. விரிஞ்சதை வெச்சு உன்னோடதை அளந்தா குறைவாத்தானே காட்டும்? முப்பத்தாறும் ஒரே மாதிரி தப்புன்னா தப்பு வேற எங்கயோ இருக்குன்னு எனக்கே உறைச்சிருக்கணும்."

விசில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப உங்க கைக்குத்தான்க்கா சிவப்புச் சீட்டு ஒட்டணும்" என்றார்.

"ஒட்டு."

சூப்பர்வைசர் வந்துவிட்டார். இயந்திரம் நின்றிருப்பதையும் மேசையில் தனியாக இருந்த இரண்டு வளையங்களையும் பார்த்தார். "மறுபடியுமா?" என்று விசிலிடம் கேட்டார். விசில் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "அவர் மேல ஒண்ணும் இல்ல. அளந்தது நான், தப்பு என்னோடது. ரெண்டு பீஸ் வீணாயிருச்சு."

"யாரு, மைக்ரான் அக்காவா?" சூப்பர்வைசர் சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அக்கா பதிவேட்டை வாங்கிக் காரணம் என்ற இடத்தில் 'அளந்தவரின் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிதானமான, நன்றாகப் படிக்க முடிகிற கையெழுத்து.

மீதி முப்பத்து நான்கும் அளவு அறைக்குத் திரும்பி வந்தன. ராத்திரி முழுக்க ஆறின. மறுநாள் காலை சூப்பர்வைசரும் விசிலும் உள்ளே வந்து நின்றார்கள். மகளுக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது. தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு டிகிரி ஃபாரன்ஹீட் என்று யாரும் கேட்காமலே அக்கா சொன்னார். மூலவளையத்தை வைத்து முள்ளைப் பூஜ்ஜியத்தில் நிறுத்தினார். முதல் வளையத்தை எடுத்து வைத்தார். முள் நகர ஆரம்பித்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. கருவியின் முகத்தை மெல்ல விசிலின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து விலகி நின்றார்.