எண்ணூற்று நாற்பது பேர் வந்த பூங்கா

பன்னிரண்டு தோட்டக்காரர்கள் பாடுபட்ட பூங்காவில் இப்போது மிஞ்சியிருப்பவர் ஒருவர்தான். வட்டாரத்துக்கே அவர் 'பூங்கா மாமா'. ஆலைகள் மூடியதும் ஜனங்கள் வீடு வீடாக மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். நூற்று நாற்பது வயதுப் பூங்கா எங்கே போகும்?

நகராட்சி ஒரு விதி வைத்தது. வாசலில் சுழலும் இரும்புக் கதவு, ஆள் நுழையும்போதெல்லாம் ஓர் எண்ணைக் கூட்டும். தினம் முந்நூறு பேராவது வந்தால் பூங்காவுக்குத் தண்ணீர் உண்டு. வராவிட்டால் குழாயை அடைத்து, பூங்காவை மூடிவிடுவார்கள். எண் காட்டும் பெட்டியின் சாவி அதிகாரியிடம் இருந்தது.

வந்ததோ நாற்பது பேர். கையைப் பிசைந்த மாமா, தினமும் விடிந்ததும் யாரும் வருமுன் அந்தக் கதவை நானூறு முறை சுற்றத் தொடங்கினார். தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அவளுக்குத்தான் பூங்கா என்றாலே ஆகாதே!

"அந்தப் புல்லையே கட்டிக்கிட்டு அழுங்க. மக வீட்டுக்குப் போயிடலாம்னு தலையால அடிச்சுக்கிறேன்."

"நீ போயேன்டி. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"நான் போனா, அந்த மரமா உங்களுக்குச் சோறு பொங்கிப் போடும்?"

மாதம் முடிந்தது. அதிகாரி வந்து பெட்டியைத் திறந்தபோது, மனைவியும் மதியச் சாப்பாட்டோடு வந்து நின்றாள்.

"நாளுக்கு எண்ணூத்தி நாப்பது பேரா? மாமா, இந்த வட்டாரத்துல மிச்சம் இருக்கறதே எழுநூத்திப் பன்னெண்டு பேர்தான். அதுவும் கைக்குழந்தையச் சேர்த்து!"

மாமா மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். நானூறும் நாற்பதும்தானே இருக்க வேண்டும்? மீதி நானூறு எப்படி வந்தது?

மனைவி தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நான்தாங்க ஐயா. மதியம் இவர் கண்ணசர்ற நேரமா பார்த்து வந்து சுத்துவேன். இது போச்சுன்னா இவரும் போயிடுவாருங்க..."

ஒருவர் மட்டும் செய்திருந்தால் பூங்கா பிழைத்திருக்கும். பாவிகள், இருவரும் அல்லவா செய்துவிட்டார்கள்!

அதிகாரி கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. "நானும் அடுத்த வாரம் வீட்டைக் காலி பண்றேன், மாமா," என்று மட்டும் சொன்னார்.

குழாயை மாமாவே அடைத்தார். புல்வெளியில் உயர்ந்து சுழன்ற தண்ணீர் மெல்லத் தாழ்ந்து, சொட்டுச் சொட்டாகி நின்றது.

அன்று விளக்குப் போடக்கூட இருவருக்கும் தோன்றவில்லை. படுக்கப் போகுமுன், பழக்க தோஷத்தில் மனைவி கடிகாரத்தைக் கையில் எடுத்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்பட்டும்?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.