குண்டசாலையில் ஐஸ் சறுக்கப் பழகியது

கண்டியில் ஐஸ் என்றால் மீன் கடையில் பார்க்கலாம், ஜூஸ் கடையில் பார்க்கலாம். அதன்மேல் ஏறிச் சறுக்கப் பழகுவதற்கு நாற்பத்திரண்டு வயதில் நான் கிளம்பினேன் என்றால், அது ஆசையால் அல்ல. நாடு நொடித்துப்போன சமயத்தில், நான் பதினெட்டு வருடம் வேலை பார்த்த புடவைக் கடையை மூடிவிட்டார்கள். கணவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் படித்துக்கொண்டிருந்தாள். வளைகுடா நாடொன்றில், பெரிய கடைத்தொகுதிக்குள் இருக்கும் ஐஸ் தரையில் வேலைக்குப் பெண்கள் தேவை என்று ஏஜென்சியில் சொன்னார்கள். வருகிற பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிட வேண்டும், விழுந்தால் தூக்கிவிட வேண்டும். தூக்கிவிடுகிறவள் முதலில் தான் விழாமல் நிற்க வேண்டும் அல்லவா, அதற்காகப் பயிற்சி, கடைசியில் ஒரு பரீட்சை.

தனியாகப் போகக் கூச்சப்பட்டு, தம்பியின் மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கம்பளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கெலிஓயாவில் என் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு, பன்னிரண்டு வருடமாகக் கண்டியில் வீடு வீடாகப் போய்த் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இல்லை. என் தம்பி குடித்தால் கை நீட்டுவான். குடிக்காத நாளிலும் நீட்டுவான் என்று அவள் கழுத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். தெரிந்தும் சும்மா இருந்தேன். டவுன் கடைக்காரக் குடும்பம் தோட்டத்துப் பெண்ணை எடுத்ததே பெரிது என்ற நினைப்பு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும் இருந்தது.

முதல் நாள் பஸ்ஸில் அவள் சொன்னாள்: "சம்பளம் கூட எனக்கு முக்கியமில்ல அண்ணி. அவரு கைக்கு எட்டாத எடமா இருந்தா போதும்."

பயிற்சி நடந்த இடம் குண்டசாலையில் ஒரு பழைய அரிசிக் களஞ்சியம். உள்ளே ஐஸ் இல்லை. வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைகளைத் தரை முழுக்கப் பொருத்தி, அதன்மேல் ஏதோ எண்ணெய் மாதிரி தெளித்து வைத்திருந்தார்கள். இதில் நின்றால் ஐஸிலும் நிற்கலாமாம். சப்பாத்தின் அடியில் நீளக் கத்தி. போட்டுக்கொண்டு எழுந்த மறு நிமிடம் நான் பின்பக்கமாக விழுந்தேன். அந்த வாரம் எத்தனை முறை விழுந்தேன் என்று எண்ணவில்லை. இடுப்பெல்லாம் கன்றிப்போய், ஒருக்களித்துத்தான் படுக்க முடிந்தது. மற்ற நாலு பெண்களும் சின்னப் பெண்கள், சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி மனைவியோ சுவரைப் பிடித்தபடி அழுதாள், நகரவே மாட்டேன் என்றாள். அவளுக்கு வழி சொன்னவள் நான்தான். வீடுகளில் தரைக்குச் சிவப்புப் பொலிஷ் பூசிவிட்டு, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையை வலது காலுக்கடியில் வைத்துத் தேய்ப்போமே, இடது காலை ஊன்றிக்கொண்டு, வலது காலை முன்னும் பின்னும் வீசி, அதை நினைத்துக்கொள் என்றேன். சொன்னதுதான் தாமதம், அவள் கிளம்பிவிட்டாள். இடுப்பு லேசாக ஆட, ஒரே காலால் தள்ளித் தள்ளிக் கூடத்தின் மறுமுனை வரைக்கும் போனாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டாவது வாரத்தில்தான், எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தியை மட்டுமே எடுப்பார்கள் என்று ஏஜென்சிக்காரர் வந்து சொன்னார். சின்னப் பெண்கள் இரண்டு பேர் அன்றோடு நின்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் தம்பி மனைவிதான் முதல், அடுத்தது நான். அன்று பஸ்ஸில் நாங்கள் இருவரும் ஊர்க்கதைதான் பேசினோம்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, பயிற்சி கொடுத்தவர் என்னைக் கூப்பிட்டார். வெளிநாட்டில் இதே வேலை பார்த்துவிட்டு வந்த சிங்களவர், நல்ல மனிதர். தம்பி மனைவி முகம் கழுவ வெளியே பைப்படிக்குப் போயிருந்தாள். அவர் சிங்களத்தில் சொன்னார்: "தங்கச்சி இடது காலை ஊன்றியே வைத்திருக்கிறா. மெதுவாகப் போகும்வரை சரி. பரீட்சையில் வேகமாகப் போகச் சொல்வார்கள், அப்போது சுழன்று விழுவா. இரண்டு காலாலும் மாறி மாறித் தள்ளச் சொல்லுங்கள். நான் இனிப் பரீட்சை அன்றுதான் வருவேன்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துபோனேன் என்று எழுதினால் அது பொய். பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கியபோது சொல்ல வாயெடுத்தேன். மகளின் படிப்பு ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளும் அவள் எனக்கு முந்திய பஸ்ஸில் போய்விட்டாள். நான் இரண்டு காலாலும் தள்ளிப் பழகினேன்.

பரீட்சையில் நான் போய்த் திரும்பி வந்து, தடுமாறாமல் நின்றேன். அடுத்து அவள். வேகம் என்று கத்தினார்கள். வலது காலை ஓங்கி வீசினாள். இடது கால் ஊன்றியபடி நிற்க, உடம்பு சுழன்று, கையை ஊன்றிக்கொண்டு விழுந்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அந்த ஒரு இடம் எனக்குக் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மாவுக்கட்டுப் போட்ட பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. பயிற்சி கொடுத்தவர் சொன்னதையும் நான் மறைத்ததையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும் அண்ணி," என்றாள். "பைப்படி ஜன்னலுக்கு வெளியதானே இருக்கு. எல்லாம் கேட்டுச்சு. அந்த ரெண்டு நாளும் நீங்க வர்றதுக்கு முன்னாடி போய் மாத்திப் பார்த்தேன். கால் கேக்கல. பன்னெண்டு வருஷம் தரை தேய்ச்ச காலு."

"பிறகு ஏன் ஒன்னுமே பேசல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். கெலிஓயாவில் என்னோடு இறங்கி, அவர்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் நின்றாள். "வீடு வரைக்கும் வாங்க அண்ணி. இந்தக் கட்டுப் போட்ட கையோட போனா எப்படியும் சத்தம் போடுவாரு. நீங்க இருந்தா அடிக்க மாட்டாரு," என்றாள்.

போனேன். தம்பி மாவுக்கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். அவள் ஒற்றைக் கையால் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் அந்த வீட்டில் சத்தமே இல்லை. பிறகு கடைசி பஸ் போய்விடும் என்று நான் எழுந்தேன்.