முற்றத்துக்கு அந்தப் பக்கம்

கலாஃபிக்கு மீசை அரும்பிய மாதத்தில், அவனுடைய பாயையும் தலையணையையும் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பையன்கள் குடிசையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். பாயைச் சுருட்டிக் கொடுத்தவள் அவனுடைய அக்கா ஃபூசி. அதுவரை இருவரும் ஒரே கொசுவலைக்குள் படுத்தவர்கள். அம்மா சிப்பி பொறுக்கப் போகும்போதெல்லாம் அவனை இடுப்பில் சுமந்தவள் அவள். கரையோரப் பவளப்பாறைக்கு உள்பக்கம், இடுப்பளவு கடல் தண்ணீரில், அவன் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்து நீந்தப் பழக்கியவளும் அவள்தான்.

தென்கடலில் இருக்கும் எங்கள் ஹாபாய்த் தீவுகளில் இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரு கூரையின் கீழ் படுப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசுவதில்லை. அக்கா உள்ளே வந்தால் தம்பி எழுந்து வெளியே போய்விடுவான். அவள் உயர்ந்தவள், அதற்கான மரியாதை அது. தோட்டத்தின் முதல் கிழங்கும் வலையில் விழுந்த நல்ல மீனும் அவளுக்குத்தான் வரும். பேச்சு மட்டும் வராது. "மரியாதையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று ஃபூசி ஒருமுறை கேட்டு, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

பிறகு கலாஃபி நியூசிலாந்துக்குப் போனான். ஆக்லாந்தில் ஒரு தொழிற்சாலை, அங்கேயே ஒரு மனைவி, பிள்ளைகள். ஊரில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடினார்கள். ஃபூசியும் அவள் கணவன் செமிசியும் வீட்டோடு இருந்துகொண்டார்கள். குழந்தை இல்லை. குடிசை பூட்டியே கிடந்தது. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் அதைக் கூட்டிவிட்டு வருவாள் ஃபூசி.

தீவுக்குக் கைபேசி வந்ததும் எல்லாம் மாறியது. பெரியவர்கள் கூரைக்கும் கண்ணுக்கும் விதி செய்திருந்தார்கள், போனுக்குச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, குழிக்குள் மூடி வேகவைத்த மண் அடுப்பைத் திறந்து சாப்பிட்டு, தீவே உறங்கும் நேரத்தில் கலாஃபி கூப்பிடுவான். எடுத்தவுடன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அங்க மழையா, அக்கா?" மழைக்காலமாக இருந்தால் ஃபூசி பதில் சொல்லமாட்டாள். போனைத் தகரக்கூரையை நோக்கித் தூக்கிப் பிடிப்பாள். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். அப்புறம் குளிர், மேஸ்திரியின் கோபம், மகளின் காதல், முதுகுவலி என்று எல்லாவற்றையும் சொல்வான். கடலைத் தாண்டிய பிறகுதான் அந்த இரண்டு பேருக்கும் பேச்சு வந்தது.

வைப்பதற்கு முன் அவள் கேட்பாள்: "எப்போடா வருவே?"

"அடுத்த மழைக்கு, அக்கா."

அவன் தொழிற்சாலை கிறிஸ்துமஸை ஒட்டித்தான் மூடும். அப்போது எங்களுக்கு மழை. எத்தனையோ மழை வந்து போனது. ஒரு வருடம் நிஜமாகவே வந்துவிட்டான்.

துறையில் அவன் இறங்கும்போது ஃபூசி கும்பலுக்குப் பின்னால் நின்றாள். அவனுக்குத் தொப்பை போட்டிருந்தது. தலை வழுக்கை. அவளைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு, பெட்டியைச் செமிசியிடம் கொடுத்தான். செய்தி கொண்டுபோகும் வேலையும் அன்றைக்கே செமிசி தலையில் விழுந்தது.

"மாப்ள, அக்கா கேக்குறா, அவிச்ச கிழங்கா, சுட்ட ஈரப்பலாவா?"

"எது இருந்தாலும் சரின்னு சொல்லு, மச்சான்."

செமிசி மழையில் முற்றத்தைத் தாண்டி வந்து, "உன் தம்பி ரெண்டையும் தின்னுட்டு என் பங்கையும் கேக்குறான்" என்பான். எந்தச் செய்தியையும் வந்தபடி கொடுக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. ஒன்றைக் கூட்டித்தான் கொடுப்பான்.

ஃபூசிக்கு வேண்டியிருந்தது கொஞ்சம்தான். போனில் பேசுகிற தம்பியிடம் ஒருமுறை நேரில் பேச வேண்டும். படகு கிளம்புவதற்குள் 'இங்கேயே இருந்துவிடு' என்று கேட்டுவிட வேண்டும். செமிசியிடம் சொல்லி அனுப்புகிற விஷயமா அது?

மெல்ல ஒரு வழி கிடைத்தது. மாலையில் செமிசி தாழ்வாரத்தில் உட்கார்ந்து, லேசாகத் தலைக்கேறும் கவா வேர்ப்பொடியைக் குடிக்கக் கரைப்பான். கலாஃபி முற்றத்தைத் தாண்டி வந்து, கடைசிப் படியில் முதுகைக் காட்டி உட்காருவான். உள்ளே கதவோரம் ஃபூசி தாழை ஓலையில் பாய் பின்னுவாள். யாரும் யாரிடமும் நேராகப் பேசவில்லை. கலாஃபி செமிசிக்குச் சொல்வதுபோல் ஆக்லாந்துக் கதை சொல்வான். ஃபூசி ஓலையிடம் சொல்வதுபோல் 'ம்' கொட்டுவாள். இன்னும் இரண்டு மாலை போனால் கேட்டுவிடலாம் என்று இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் செமிசி வாயை விட்டான். கவா உள்ளே போயிருந்தது. மழையும் கூடச் சேர்ந்துகொண்டது.

"இப்படி ஒரு மழையிலதான் மாப்ள, உங்க அக்கா சேத்துல வழுக்கி என் மேல விழுந்தா. விழுந்தவ எந்திரிச்சாளான்னு கேளு. உங்கப்பா பந்தத்தோட வந்து நின்னப்போ..."

சொல்லும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனும் தங்கையோடு பிறந்தவன்தான். அக்காவும் தம்பியும் சேர்ந்து கேட்கும் இடத்தில் அந்த மாதிரிப் பேச்சு வாயில் வரக் கூடாது என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். உள்ளே ஓலை சரசரப்பது நின்றது. கலாஃபி கோபப்படவில்லை. குடித்த சிரட்டையைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்து கொட்டும் மழையில் நடந்து போனான். அப்படிப் போகத்தான் வேண்டும். அதன்பின் படிக்கும் வரவில்லை.

"என் நாக்கை அறுத்து மீனுக்குப் போடு" என்றான் செமிசி.

"மீன் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் ஃபூசி. ஓலையைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

புயல் எச்சரிக்கை வந்தது. படகு தள்ளிப்போனது. தம்பி இன்னும் சில நாள் இருப்பான் என்று ஊரார் அவளிடம் சந்தோஷமாகச் சொன்னார்கள். அவள் சமையல் கொட்டகையில் நின்று, மழைத்திரைக்கு அப்பால் அந்தக் குடிசைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஆக்லாந்தில் இருந்தபோது இவ்வளவு தூரத்தில் இல்லை.

புயல் எங்களைத் தொடாமல் விலகிப் போனது. திங்கட்கிழமை படகு என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தார்கள். செமிசி கூடத்துப் பாயில் குறட்டை விட்டான். ஃபூசிக்குக் கண் மூடவில்லை. வழக்கமான அந்த நேரத்தில் போன் அடித்தது. தெரியாத உள்ளூர் எண்.

"அங்க மழையா, அக்கா?"

ஃபூசி கதவைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். குடிசைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பாயில் நீட்டிய ஒரு பாதம் மட்டும் தெரிந்தது.

"ஆமாடா," என்றாள். "கொட்டுது. அங்க?"

"இங்கயும் அதேதான். கூரை வேற ஒழுகுது."

"எங்க?"

"என் தலைமேல. தடுக்க அங்க ஒரு முடிகூட இல்ல."

"பாத்தேன், பாத்தேன். துறையில யாரோ கோயில் பெரியவர் இறங்குறாருன்னு வணக்கம் சொல்லப் பாத்தேன்."

"நீ மட்டும் என்னவாம்? மச்சானோட அம்மா நிக்கிறாங்கன்னு நெனச்சேன் நான்."

அவள் சிரித்தாள். அதே சிரிப்பு போனிலும் முற்றத்துக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

"நீ அனுப்புற சாப்பாட்டுல உப்பே இல்லக்கா."

"உன் மச்சான் கொண்டு வர்ற வழியில மழை அலசிடுது போல."

கூடத்தில் குறட்டை நின்றுவிட்டது. செமிசி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அசையாமல் கிடந்தான்.

ஃபூசி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "கலாஃபி, இங்கயே இருந்துடேன்டா."



"பிள்ளைங்க அங்க இருக்காங்களே, அக்கா. அவங்களுக்கு இந்த ஊரு போட்டோவுலதானே தெரியும்."

"ம்."

"நீயும் மச்சானும் அங்க வந்துடுங்களேன்."

"வந்து? அங்கயும் உன் வீட்டுக்குள்ள நான் வந்தா நீ எந்திரிச்சுத் தெருவுக்குப் போவே. அந்தக் குளிர்ல நின்னு எனக்கு போன் பண்ணுவியா?"

"பண்ணுவேன்."

"பண்ணுவடா நீ."

எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று செமிசியும் பிறகு சொன்னதில்லை. அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி, பாறைக்கு உள்பக்கம் தண்ணீர் இப்போது எவ்வளவு ஏறிவிட்டது என்பதைப் பற்றி. முடிவில், பழக்கதோஷம், அவள் வாயில் அது வந்துவிட்டது:

"எப்போடா வருவே?"

கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். குடிசைக்குள் நீட்டியிருந்த பாதம் மெல்ல மடங்கி உள்ளே போனது.

"அடுத்த மழைக்கு, அக்கா."

இருவரும் போனை வைக்கவில்லை. வெளியே பெய்த மழை போனுக்குள்ளும் பெய்துகொண்டிருந்தது.

அடுத்த மழைக்கு அவன் வரவில்லை. ஞாயிறுகளில் போன் மட்டும் வந்தது. அதற்கடுத்த மழைக்கு வந்தான். சர்க்கரையில் ஃபூசியின் கால் புண் ஆறாமல், காய்ச்சல் கண்டு, வாரம் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் செய்தி கேட்டுத்தான் வந்தான்.

வீட்டுக்குள் அவள் பின்னிய பாய்களின் மேலேயே அவளைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் விட்டுவிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தம்பி அக்காவின் உடலுக்கு அருகே போவதில்லை. அவனுக்கு உரிய இடம் பின்பக்கத்து அடுப்படி. கலாஃபி எங்கள் துக்க வழக்கப்படி, கிழிந்த பாய் ஒன்றை மார்புவரை சுற்றிக் கட்டிக்கொண்டு, துக்கத்துக்கு வந்தவர்களுக்காகக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தான். ஈர விறகு புகைந்தது. தலையில் மழை விழுந்தது, துடைக்கவில்லை.

செமிசி முற்றத்தைத் தாண்டி வந்து பக்கத்தில் நின்றான்.

"மாப்ள, முகத்தை மூடப் போறாங்க. அவளுக்கு ஏதாவது சொல்லணுமா?"

கலாஃபி விறகைத் தள்ளினான். மறுபடியும் தள்ளினான்.

"இங்க மழைன்னு சொல்லு, மச்சான்."

செமிசி திரும்பி நடந்தான். உள்ளே போய், அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, காதருகே குனிந்து அதைச் சொன்னான். எதையும் கூட்டவில்லை.