ஒரே பிடியில் இரண்டு கத்திரி

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஒரு சின்னப் பெட்டி கூரியரில் வந்தது. எனக்கு அல்ல, என் பார்லரில் வேலை செய்யும் சித்ராவுக்கு. அவள் அதை வாடிக்கையாளர் நாற்காலியிலேயே வைத்துப் பிரித்தாள். கறுப்பு உறைக்குள் இரண்டு கத்திரிக்கோல்கள், அக்கம்பக்கம்.

“அக்கா, ஒண்ணு கட்டிங், ஒண்ணு தின்னிங். செட்டு. புடிச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே மாரி.”

உறையைத் திறந்ததும் தையல் மெஷின் எண்ணெய் வாசனை. புதுக் கத்திரிக்கு மட்டும் உள்ள வாசனை அது. நான் மேஜை இழுப்பறையிலிருந்து ஸ்கேலை எடுத்தேன். (எல்லாவற்றுக்கும் நான் ஸ்கேல் எடுப்பேன். பார்லருக்கு வரும் பெண்கள் சிரிப்பார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.) இரண்டும் ஐந்தரை அங்குலம். கட்டைவிரல் வளையம் இரண்டிலும் ஒரே அளவு கீழே வளைந்திருந்தது. திருகின் இறுக்கமும் ஒன்றுதான். ஒரு பிடியை உயர்த்தி விட்டுப் பார்த்தேன், இரண்டிலும் அலகு ஒரே இடத்தில் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிப் பிடித்தேன். எது எதென்று தெரியவில்லை.

“திருப்பி அனுப்பிடு” என்றேன்.

“ஏங்க்கா, நல்லா இல்லியா?”

“நல்லா இருக்கு.”

சித்ரா என்னைப் பார்த்த பார்வையில் நியாயம் இருந்தது. அவளுக்கு விளக்கம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கட்டிங் கத்திரியின் இரண்டு அலகும் கூர்மை. இடையில் எது வந்தாலும் முழுதாகத் துண்டிக்கும். தின்னிங் கத்திரியில் ஓர் அலகு சீப்பு மாதிரி பல் பல்லாக இருக்கும். பல் இடுக்கில் போன முடி தப்பிக்கும், மற்றது விழும். அடர்த்தியான முடியைக் குறைக்க அதைக் கற்றையின் நடுவில் நுழைத்து மூடுவார்கள். இரண்டையும் ஒரே நீளத்தில், ஒரே எடையில், ஒரே பிடியில் வாங்க வேண்டும் என்பது தொழிலில் சொல்லும் முதல் பாடம். அடிக்கடி மாற்றிப் பிடிக்கும்போது கை குழம்பக்கூடாது, விரல் வலிக்கக்கூடாது. நானும் அதை வேதவாக்காக நம்பினேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மிஷன் வீதியில், ஒரு துணிக்கடைக்கு மேல், மரப்படி ஏறிப் போனால் எங்கள் பார்லர். உரிமையாளரை எல்லோரும் மதாம் என்போம். பன்னிரண்டு வருஷம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர். கத்திரிக்கோலை ‘சிசோ’ என்பார். கோபம் வந்தால் முதலில் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் வரும், தமிழில் வருவதற்குள் நாங்கள் தயாராகிவிடுவோம்.

நாங்கள் என்றால் நானும் அமுதாவும். ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் மாதாகோயில் பாடகர் குழுப் பெண். அவள் வைத்திக்குப்பம், கடற்கரை மீனவர் குடியிருப்பு. அப்பா வலை பின்னுகிறவர், அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அமுதா இரண்டு வேளை குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு வருவாள். அப்படியும் அவள் படியேறும்போது மதாம் மூக்கைச் சுருக்குவார்.

“மதாம் மூக்கு இருக்கே, அது ஞாயித்துக்கெழம எங்கம்மா கிட்ட வஞ்சிரத்துக்குப் பேரம் பேசறப்ப மட்டும் அடைச்சுக்கும்டி” என்பாள் அமுதா.

அவள் கை அப்படி ஒரு கை. நான் ஈரமுடியைக் கோடு பிரித்து, கிளிப் போட்டு, அளந்து வெட்டுவேன். அவள் தலையை ஒருமுறை தடவிப் பார்ப்பாள், அவ்வளவுதான். அரை மணி கழித்து என் வெட்டு சரியாக இருக்கும், அவளுடையது அழகாக இருக்கும். இந்த வித்தியாசத்தை நான் அப்போதே எழுதி வைத்திருக்கிறேன். பொறாமையோடுதான்.

அந்த நாளில் எங்களிடம் இருந்தவை ஜோடி சேராத கத்திரிகள். கட்டிங் நீளமானது, லேசானது. தின்னிங் மதாம் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பழையது, கனமானது, வளையம் சின்னது. அமுதாவின் கட்டைவிரல் அடி வீங்கத் தொடங்கியது. அவள் வெந்நீரில் முக்கிக்கொண்டு சும்மா இருந்தாள். நான்தான் இருக்க முடியாமல், நாற்பது நாள், எத்தனை தலைக்குத் தின்னிங் செய்தாள், அன்று வலி எப்படி என்று நாட்குறிப்பில் கட்டம் போட்டு எழுதி மதாமிடம் காட்டினேன். மதாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, சரி, ஜோடி செட்டே வாங்கலாம் என்றார்.

சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை பெட்டியோடு வரும் சலீம் பாய் அந்த மாதம் ஏழு செட் கொண்டுவந்து துண்டில் பரப்பினார்.

“கத்திரிய கண்ணால பாக்காதீங்க தங்கச்சி, காதால பாருங்க” என்றார்.

அந்த மதியம் முழுக்கத் தேர்ந்தெடுத்தோம். ஈர டிஷ்யூ தாளை வெட்டிப் பார்த்தோம். மடிந்தால் அந்தக் கத்திரி வேண்டாம். சீப்பில் சிக்கிய முடியை ஒவ்வொன்றிலும் வெட்டினோம். நான் ஸ்கேல் வைத்தேன். கடைசியில் நான் அமுதாவுக்கு ஒரு செட்டை எடுத்தேன். சித்ராவுக்கு வந்ததைப் போலவே ஒரு செட்.

அமுதா இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். “ரெட்டப்புள்ள மாரி இருக்குதுடி. எது எதுன்னு எப்படித் தெரியும்?”

“பாத்தா தெரியும்.”

“நான் எங்க பாக்கறேன்? நான் கண்ணாடிய பாத்துன்னு இருப்பேன், கை போய் எடுக்கும்.”

அவள் சொன்னது உண்மை. என் கத்திரிகள் தட்டில் வரிசையாக இருக்கும். அவளுடையவை டெட்டால் தண்ணீர் ஊற்றிய ஒரு டம்ளரில், அலகு கீழே, வளையம் மேலே. பல் தெரியாது. மறுநாள் அவள் வீட்டிலிருந்து நீல நைலான் நூல் கொண்டுவந்தாள், வலை பின்னுகிற நூல். அதைக் கட்டிங் கத்திரியின் வளையத்தில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள்.

“வெட்டுறதுதான ஆபத்து? ஆபத்துக்குத்தான் அடையாளம். விரல்ல நூல் பட்டா கட்டிங், படலன்னா தின்னிங். எங்கப்பா முடிச்சு, கடல்லயே அவுறாது.”

மதாம் அதைப் பார்த்துவிட்டு, “இது சலோனா, மீன் மார்க்கெட்டா?” என்றார். ஆனால் விட்டுவிட்டார். அமுதாவின் விரல் வீக்கம் இரண்டு வாரத்தில் வடிந்தது. அதையும் குறித்து வைத்திருக்கிறேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று மாதம் போயிற்று. அந்த நூலில் துண்டு முடிகள் ஒட்டிக்கொள்ளும், எப்போதும் ஈரமாகவே இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை, எட்டு மணிக்கு, யாரும் வருமுன் கத்திரிகளைத் துடைக்கும்போது நூலுக்கு அடியில் துரு கண்டேன். கடுகளவு. என்னால் அதைப் பொறுக்க முடியாது. பிளேடால் நூலை அறுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். துருவைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் விட்டு, அவள் வழக்கப்படியே டம்ளரில் நிறுத்தினேன். அவள் வந்ததும் வேறு நூல் கட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் மதாம் கூப்பிட்டார், ஓர் அம்மாவுக்கு ஃபேஷியல். மறந்துபோனேன்.

பதினோரு மணிக்கு ஒரு கல்யாணப் பெண் வந்தாள். இடுப்பளவு முடி, அத்தனை அடர்த்தி. மறுநாள் மாதாகோயிலில் கல்யாணம், வெள்ளை முக்காடும் கிரீடமும் வைத்துப் பார்த்தால் தலையில் உட்காரவில்லை, கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றார் அவள் அம்மா. அமுதா பேசிக்கொண்டே செய்தாள். பெண்ணைச் சிரிக்கவும் வைத்தாள். நான் அடுத்த நாற்காலியில் ஒருவருக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தின்னிங் கத்திரி மூடும்போது அரைத்தாற்போல ஒரு சத்தம் வரும். அன்று எனக்குக் கேட்டது வேறு சத்தம். ஒரே சத்தம், சுத்தமானது. திரும்பியபோது வெள்ளைத் துணிமேல் ஒரு பிடி முடி, முழங்கை நீளம், விழுந்து கிடந்தது. பெண்ணின் இடது பக்கம் தோளுக்கு மேலே ஒரு பள்ளம்.

“அய்யய்யோ, எம் பொண்ணு தலைய அறுத்துட்டாளே!” என்று அந்த அம்மா கத்தியதும்தான் அறைக்கு உயிர் வந்தது. மதாம் ஓடிவந்தார். அமுதா கத்திரியின் வளையத்தை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள்.

“நூல் இருந்துச்சு மதாம். இதுல நூல் கட்டியிருந்தேன்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏய், நூலப் பாத்தியாடி?”

“இல்ல” என்றேன்.

அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் நேரம் பிடிக்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேனா? அதுவும்தான். ஆனால் அந்த அறையில் ஒழுங்கானவள் என்று பெயர் எடுத்தவள் நான். அந்தப் பெயர் எனக்கு முன்னால் முந்திக்கொண்டு பேசிவிட்டது.

அமுதா டம்ளரைக் கவிழ்த்துத் துழாவினாள். மண்டியிட்டுத் தரையில் முடிகளுக்கு நடுவே தேடினாள். குப்பைக் கூடை என் காலடியில் இருந்தது. நான் நகரவில்லை.

“மீன் அறுக்கற கையில சிசோ குடுத்தேன் பாரு, என்னைத்தான் சொல்லணும்” என்றார் மதாம். “எழுந்திரு. போ.”

அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்தாள். படியிறங்குமுன் என்னிடம் மெதுவாக, “மிச்சத்த நீ பாத்துக்கடி. ரெண்டு பக்கமும் முன்னால எறக்கி லேயர் போடு, பள்ளம் தெரியாது” என்றாள். அப்படியே செய்தேன். தெரியவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். அன்றைய என் குறிப்பில் ஒரு வரிதான் இருக்கிறது: ‘அமுதா வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.’

ஊர் சின்னது. ஞாயிறு பூசை முடிவதற்குள் எல்லா பார்லருக்கும் செய்தி போய்விட்டது. அவளை யாரும் எடுக்கவில்லை. அம்மாவோடு மார்க்கெட்டில் உட்கார்ந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒருமுறை மார்க்கெட் மீன் வரிசைக்குப் போனேன். சொல்லிவிடத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“இன்னாடி, எளச்சுட்ட? வா, நெத்திலி நல்லா இருக்கு. காசப் பத்திப் பேசாத.” மீனைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு நானே முடிச்ச ஒழுங்கா போடலடி. எங்கப்பா முடிச்சு அவுறுமா? நாந்தான் கவனமில்லாம போட்டிருக்கேன். அவருகிட்ட சொல்லவே இல்ல, வெக்கமா போச்சு.”

நான் நெத்திலிப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதன்பின் மீனை வீட்டு வாசலில் கூடைக்காரரிடம் வாங்கும் பழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன்.

இப்போது அந்த மரப்படி இல்லை. அந்த மாடியில் காபி குடிக்க வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மதாம் மகனிடம் பிரான்சுக்குப் போய் அங்கேயே இறந்துபோனார். சலீம் பாய் வருவதில்லை. கத்திரி வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சித்ரா கடையை மூடியதும், நான் வைத்திக்குப்பம் போனேன். கரையில் பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள். வலை காயப்போடும் மணல் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. விசாரித்து விசாரித்து அமுதாவின் தம்பி வீட்டைக் கண்டுபிடித்தேன். தம்பி மனைவி நாற்காலி போட்டார்.

“அண்ணி போய் ரெண்டு வருசம் ஆவுதே. சக்கர, கிட்னி. நீங்க யாரு?”

கூட வேலை செய்தவள் என்றேன்.

“பார்லர்லயா?” அவர் ஆச்சரியப்பட்டார். “அண்ணி பார்லர்லயா வேல செஞ்சாங்க? எங்களுக்குத் தெரியாதே. கத்திரியே தொட மாட்டாங்களே. புள்ளைங்களுக்கு முடி கண்ணுல விழும், ஒரு வெட்டு வெட்டுங்க அண்ணின்னா, என் கையா, வேணாம்மா, என் கைய நானே நம்ப மாட்டேன்னுவாங்க. வலையில ஒரு கண்ணு அறுந்தாக்கூட வேற ஆளுகிட்ட குடுப்பாங்க.”

அவர் டீ போட உள்ளே போனார். அமுதாவின் கை தப்புச் செய்யவில்லை என்று அறிந்தவள் இந்த ஊரில் ஒருத்திதான். அந்த ஒருத்தி இத்தனை வருஷம் கத்திரி பிடித்து நின்ற இடத்திலிருந்து பெரிய மார்க்கெட் ஐந்து நிமிட நடை.