செல்லம்மாள் மடியில் இருந்த நாவல்

இன்று வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் வந்தேன். ஜன்னலோரம் நான், பக்கத்தில் என் மாணவி செல்லம்மாள், அவளுக்கு அந்தப் பக்கம் அவள் அப்பா.

அவள் மடியில், பள்ளியிலிருந்து நான் எடுத்துக் கொடுத்த சரித்திர நாவல்.

சமயநல்லூர் தாண்டியதும் கரி அடுப்பைக் கிளறுவதற்காக வண்டியை நிறுத்தினார்கள். அப்போது அவள் அப்பா ஆரம்பித்தார்.

“டீச்சர், நேத்து இவளைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. இந்தக் கதையில ராஜாவே மகளைக் கேட்டுட்டுத்தான் மாப்பிள்ளை பார்த்தாருன்னு அவங்க முன்னாடியே சொல்லிட்டா. வந்தவங்க காப்பியக்கூடத் தொடல. பதினாலு வயசுப் பிள்ளைக்கு இந்த மாதிரிக் கதை ஆகுமா? நீங்களே சொல்லுங்க.”

ஆகாது என்றால் புத்தகம் போய்விடும். ஆகும் என்றால் அவள் பள்ளிக்கூடம் போவதே நின்றுவிடும். எழுந்து போகவும் வழியில்லை. செல்லம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க ஒரு தடவை படிச்சுப் பாருங்கண்ணே” என்றேன்.

“எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும்.”

“நான் வாசிக்கிறேன்ப்பா” என்றாள் அவள்.

மதுரை வரும்வரை வாசித்தாள்.

இறங்கும்போது அவள் அப்பா சொன்னார். “கதை நல்லாத்தான் இருக்கு டீச்சர். பிள்ளைக படிக்கலாம். ஆனா ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க ஞாயம் கேக்க வாராங்க. நான் என்னத்தச் சொல்ல? நீங்களே வந்து சொல்லிருங்க.”

வாரேன் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது?

நம் கையெழுத்துப் பத்திரிகை ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் எல்லோரிடமும் சுற்றி என்னிடம் திரும்பிவிடும். அங்கே நான் பேச வேண்டியதை இந்தப் பக்கத்து ஓரத்தில் எழுதி வையுங்கள், தோழிகளே. உங்களைக் கேட்டுக் கல்யாணம் செய்துவைத்திருந்தால், நீங்கள் முதலில் எழுதுங்கள்.