செத்த வீட்டில் சொல்லாத சொல்

எங்கள் பக்கத்தில் புறப்படுகிற எவரும் "போறன்" என்று சொல்வதில்லை. கால் வேலிக் கதவான படலையைத் தாண்டிக்கொண்டிருக்கும், வாய் மட்டும் "வாறன்" என்று சொல்லும். வெளியூர்க்காரர் இதைக் கேட்டுக் குழம்புவார்கள். வருகிறவன் ஏன் போகிறான் என்று அவர்களுக்கு விளங்காது. ஒரேயொரு இடத்தில் மாத்திரம் நாங்கள் இந்த "வாறன்" என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. அது செத்த வீடு. அங்கே இருந்தவர் எழும்பி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் நடையைக் கட்ட வேண்டும். வாறன் என்று சொன்னால் இன்னொரு சாவுக்கு வாறன் என்று ஆகிவிடும். நாங்கள் வேதக்காரக் குடும்பம், ஐயா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா சபையில் உபதேசியார். திருநீறு பூசுவதை விட்டு இரண்டு தலைமுறை ஆகியும் இந்தப் பழக்கத்தை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் விடவில்லை.

அண்ணைக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது ஒரு மார்கழியில். நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதியிலிருந்து கிறிஸ்து பிறந்தநாளான நத்தார் விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். கொத்தமல்லிக் குடிநீருக்கும் ஐயாவின் ஜெபத்துக்கும் காய்ச்சல் மசியவில்லை. வண்டிலில் வைக்கோலைப் பரப்பி, மேலே பாய் விரித்து, சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் திறக்க மாட்டாமல் கிடந்தவர், வண்டில் அசைந்ததும் தலையைத் தூக்கி, "அம்மா, வாறன்" என்றார்.

"ஓம் ராசா, வா" என்றார் அம்மா.

அதே வண்டிலில், அதே பாயில்தான் அண்ணையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

செத்த வீட்டுக்கு எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய மிசியம்மாவும் வந்திருந்தார். வெள்ளைக்காரி என்றாலும் எங்களைவிடச் சுத்தமாகத் தமிழ் கதைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். கதிரை வேண்டாம் என்று பெண்களோடு பாயில் இருந்தார். அது எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது. பிறகு எழும்பினார். இரண்டு கைகளையும் கூப்பி, பாடம் ஒப்புவிக்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக உச்சரித்தார்.

"அம்மா, நான் போய் வருகிறேன்."

அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். அடுத்த வளவு மாமி வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். மற்றப் பெண்களும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே பிள்ளை நான். பாவம் மிசியம்மா, தன் உச்சரிப்பில் ஏதோ பிழை என்று நினைத்தாரோ என்னவோ, முகம் சிவக்க இன்னொரு தரம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே அம்மா படலையைக் கயிற்றால் கட்டினார்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியது. அம்மா என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்கும் விடவில்லை. கிணற்றடிக்குப் போனால் பின்னால் வந்து நிற்பார். ஒரு தரம் செருமினால் போதும், கொத்தமல்லி அவியத் தொடங்கிவிடும். ஒரு நாள் ஐயா சபைவீடுகளுக்குப் புறப்பட்டு, பழக்கதோஷத்தில் "வாறன்" என்றார். அம்மா குசினி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

"உந்தச் சொல்லு இனி இந்த வீட்டிலை வேண்டாம்!"

"சகுனம் பாக்கிறது பாவமெல்லே? உமக்குத் தெரியாதே?"

"பாவமெண்டால் என்ரை தலையிலை வரட்டும். என்ரை பிள்ளை சொன்ன வாறன் பொய்யாப் போச்சு. அந்த மிசியம்மா சொன்னது பலிச்சுதெண்டால்?"

ஐயா வேதப்புத்தகத்தை இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலிருந்து எவரும் சொல்லிக்கொண்டு புறப்பட்டதில்லை. வந்த சனமும் எங்கள் முறையைத் தெரிந்துகொண்டு மெல்ல எழும்பிப் போயிற்று. பெட்டியைக் கொண்டுபோய் அடக்கம் செய்து கனகாலம் ஆகியும் வீடு செத்த வீடாகவே இருந்தது.

எனக்கு அம்மாவில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சுளகைத் தூக்கி எறிந்தேன். சாப்பிடாமல் கிடந்தேன். வேலியின் ஓலைக் கிடுகில் விரலால் ஓட்டை போட்டு, ஒழுங்கையால் போகிற ஆட்டையும் மாட்டையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஆனால் ஒரு பின்னேரம், அம்மா குளிக்கிற நேரம் பார்த்து ஐயா கயிற்றை அவிழ்த்தார்.

"வா பிள்ளை, சந்தி மட்டும் நடந்திட்டு வருவம்."

படலை திறந்து கிடந்தது. ஒழுங்கையில் வெயில் சாய்ந்திருந்தது. நான் போய் நின்றேன். கால் எழும்பவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடுகிற மாதிரி இருந்தது. அம்மாவின் பயம் எப்போது எனக்குள்ளே வந்து குடியேறியது என்று தெரியவில்லை. ஐயா கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் படலையைச் சாத்தி, என் கையாலேயே கயிற்றைக் கட்டினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பயந்ததில்லை.

லெந்து உபவாச நாட்களில் மிசியம்மா ஐயாவிடம் சொல்லி அனுப்பினார். உயிர்த்த ஞாயிறு கழிந்து பள்ளிக்கூடம் தொடங்கும்போது நான் வராவிட்டால் என் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிவரும். அந்த இடம் போனால் எனக்கு மேற்படிப்பு இல்லை. பிறகு கல்யாணம் வரைக்கும் இந்த வேலி, அதன் பிறகு இன்னொரு வேலி. ஐயா சொல்லி முடித்தபோதும் அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவேயில்லை.

"குடுக்கட்டும்."

போக வேண்டும் என்று உள்ளே கத்தியது எனக்கே கேட்டது. ஆனால் படலையடியில் நின்ற பின்னேரமும் நினைவில் இருந்தது.

பெரிய வெள்ளிக்கு மறுநாள் பின்னேரம் ஐயா உயிர்த்த ஞாயிறுப் பிரசங்கத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுமாரிதான் எப்போதும் அவருடைய சபை. அலுமாரியைப் பார்த்து, ஆண்டவரைப் புதைத்த பிறகு சீஷர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடந்ததைச் சொன்னார். சொல்லும்போது கண் படலைப் பக்கம் போயிற்று. வசனம் பாதியில் நின்றது. எழுதி வைத்த தாளாலேயே கண்ணைத் துடைத்தார். மகனைப் புதைத்த நாளில்கூட அழாத மனிதர்.

அம்மா தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு குசினி வாசலுக்கு வந்தார்.

"இஞ்சாருங்கோ, அவையளும் படலையைக் கட்டிப்போட்டுத்தானே இருந்தவை?"

"ஓம்."

"அவர் வந்து ஏசினவரோ?"

"இல்லை. சமாதானம் எண்டுதான் சொன்னவர்."

"ஆர் திறந்துவிட்டது?"

"ஒருத்தரும் திறக்கேல்லை. பூட்டினபடி கிடக்கத்தான் வந்தவர்."

அம்மா கையில் ஒட்டியிருந்ததைத் தட்டினார்.

"சாக முதல், வாறன் எண்டு சொல்லிப்போட்டோ போனவர்?"

"ஓம்."

"அப்ப என்ரை பிள்ளை சொன்னதும்... பொய்யில்லையோ?"

பக்கம் பக்கமாகப் பிரசங்கம் எழுதி வைத்திருந்தவருக்கு அப்போதும் "ஓம்" என்ற ஒரு சொல்தான் வந்தது. அம்மா குசினிக்குள் போனார்.

மறுநாள் விடியற்புறம் சேமக்காலையில் ஆராதனை. புதைக்கிற இடத்துக்கு எங்கள் பக்கத்து வேதக்காரர் வைத்த பெயர் அது. சேமமாக வைத்திருக்கும் இடம் என்று ஐயா பொருள் சொல்வார். அண்ணையைச் சேமித்து வைத்த அந்த இடத்தை அம்மா ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. அன்றைக்கு வெள்ளைச் சேலையோடு படலையடியில் நின்றார். கயிற்று முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. கத்தியைக் கொண்டுவந்து அறுத்தார். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

கிழக்கு வெளுக்கும்போது பாட்டுப் பாடினார்கள். அம்மா பாடவில்லை. மண்மேட்டில் முளைத்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் வழக்கம்போலச் சொல்லாமல் கொள்ளாமல் கலைந்தார்கள். வாசல்வரை வந்த அம்மா திரும்பிப் போனார். மேட்டின் அருகில் நின்று, பக்கத்து வீட்டில் கதைத்துவிட்டுப் புறப்படுகிறவர் மாதிரி, மகனை எப்போதும் கூப்பிடுகிற செல்லச் சொல்லாலேயே, "தம்பி, வாறன்" என்றார்.

சபைப் பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அம்மாவும் அண்ணையிடம் போகப்போகிறார் என்றே நான் நம்பினேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு கனகாலம் இருந்தார். அந்தச் சொல்லை அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று கேட்கும் துணிவு எனக்கு ஒருநாளும் வரவில்லை. சாவுக்குப் பயந்தவர் சொல்லுகிற குரல் அல்ல அது என்று மட்டும் தெரியும்.

பள்ளிக்கூடம் தொடங்கும் நாளில் வண்டில் வந்து நின்றது. ஐயா பெட்டியை ஏற்றினார். எனக்குத் திரும்பி ஓடலாமா என்று இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், வீட்டு முறைப்படி வாயைத் திறக்காமல், படலையைத் தாண்டி வண்டிலில் ஏறினேன்.

"எடியே!"

அம்மா படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் வெளுத்திருந்தன.

"வாயிலை என்ன கொழுக்கட்டையே? சொல்லிப்போட்டுப் போ."

"வாறன்" என்றேன்.

"கேக்கேல்லை."

"அம்மா, வாறன்!"

அடுத்த வளவு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்குமளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

"ஓம் ராசாத்தி, வா" என்றார் அம்மா.